டிம்முக்கு ஒரு வீடு

பதுளையிலிருந்து பண்டாரவளைக்குப் போகும் பஸ், ஹாலிஎலவைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சந்தியைக் கடக்கும். அங்கே இறங்குவதற்கு "இறக்கம்" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். பக்கத்து வீட்டு மாமா அந்தக் குரலை ஒருநாளும் கொடுத்ததில்லை. வேறு யாராவது இறங்கினால் அவர்களுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். யாரும் இறங்காவிட்டால் அப்படியே உட்கார்ந்து தெமோதரை வரைக்கும் போய், பையைத் தூக்கிக்கொண்டு நடந்து திரும்பி வருவார். நான் அப்போது அந்தச் சந்தியில்தான் ஆட்டோ போட்டிருந்தேன். எதிர்ப்பக்கத்திலிருந்து அவர் வியர்த்து விறுவிறுத்து வருவதைப் பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும்.

"ஏன் மாமா, வாயத் தொறந்து சொன்னா என்ன?"

"பஸ்ஸு நல்ல வேகத்துல வந்துச்சு தம்பி. நம்ம ஒருத்தனுக்காக எதுக்கு நிப்பாட்டிக்கிட்டு?"

தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவில் சமையல்காரர் அவர். வெள்ளைச் சாரம், வெள்ளைச் சட்டை, எப்போதும் சாதிக்காய் வாசம் அடிக்கும் கைகள். தோட்டத்துச் சனங்களுக்கு அவர் மேல் ஒரு பெரிய நம்பிக்கை இருந்தது. துரைக்குச் சூப் ஊற்றிக் கொடுக்கிறவர், அந்தச் சூட்டோடு நமக்காகவும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா என்று ஆளாளுக்கு அவரிடம் வந்து முறையிடுவார்கள். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். ஒன்றையும் போய்ச் சொல்ல மாட்டார். சொல்லவில்லையே என்று அவமானப்பட்டுக்கொண்டு, அந்த மனிதர்களின் கண்ணில் படாமல் தேயிலைக்குள்ளால் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

எங்களுக்கும் அவருக்கும் ஒரே லயம், ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒரே சுவர். என் அம்மா அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார். வீட்டில் சீனி தீர்ந்துபோனால் எங்கள் வாசலில் வந்து நிற்பார். "இன்னைக்கு என்னமோ தேத்தண்ணியே எறங்கலம்மா" என்பார். அம்மா உள்ளே போய் ஒரு கிண்ணம் சீனியைக் கொண்டுவந்து நீட்டுவார். "வானம் ஒரு மாதிரியா இருக்கு" என்றால் குடை வேண்டும். "புள்ள ராத்திரியெல்லாம் இருமுது" என்றால் எங்கள் வீட்டுக் கற்பூரவள்ளிச் செடியில் நாலு இலை வேண்டும். அவர் பேச்சுக்குப் பொருள் சொல்ல அம்மாவை விட்டால் ஆள் கிடையாது.

கல்யாண வீடுகளில் அவர் பக்கத்தில் உட்கார எனக்குப் பிடிக்காது. இலையில் சோறு காய்ந்து கிடக்கும். சாம்பார் வாளி அவர் முன்னால் போகும், வரும். அவர் வாளியையும் பார்க்க மாட்டார், பரிமாறுகிறவனையும் பார்க்க மாட்டார். வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார். நான்தான் கத்த வேண்டும். கோயிலிலும் இதே கதைதான். மாதா சுரூபத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி கொளுத்தி வைத்துவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டு, உடனே திரும்பிவிடுவார். என்ன கேட்டீர்கள் என்று ஒருதடவை சீண்டினேன். "அவங்களுக்கே ஆயிரம் வேல" என்றார்.

இதைக் கூச்சம் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அது கொஞ்சம் திமிர் மாதிரியும் படும். யாரிடமும் கையேந்தாத மனிதன் என்ற பெயர் அவருக்கு உள்ளூரப் பிடித்திருந்தது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

இப்படிப்பட்டவர் தலையில்தான் டிம் வந்து விழுந்தது.

டிம்மை முந்தைய துரை கொழும்பிலிருந்து குட்டியாகக் கொண்டுவந்தார். கறுப்பும் வெள்ளையும் கலந்த நாய். ஆடு மேய்க்கவென்றே வெள்ளைக்காரன் வளர்த்தெடுத்த சாதி என்று துரை பெருமையாகச் சொல்வார். பங்களாவில் ஆடு எங்கே இருக்கிறது? அதனால் கண்ணில் பட்டதையெல்லாம் அது மேய்த்தது. தோட்டக்காரனின் கோழிகளை ஒரு மூலையில் சேர்க்கும். விருந்தாளிகள் புல்வெளியில் பிரிந்து பிரிந்து நின்றால் அதற்குத் தாங்காது. சுற்றிச் சுற்றி ஓடி எல்லோரையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஒருநாள் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு ஓடிப்போய், கூடையோடு வந்த பெண்களைப் பக்கவாட்டில் பதுங்கிப் பதுங்கி நெருக்கி வரிசையாக்கிவிட்டது. முதலில் சிரித்தார்கள். அப்புறம் வயதான ஒரு அம்மா, "எங்கள என்ன மாடுன்னு நெனச்சிருச்சா? துரை வீட்டு நாய்க்குக்கூட நாங்க மாடுதானா?" என்று கேட்டார். சிரிப்பு நின்றுவிட்டது. பின்னால் மூச்சு வாங்க ஓடிவந்த இவர், அத்தனை பெண்களுக்கும் முன்னால் கைகூப்பி நின்றார்.

"அதுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. எல்லாரும் ஒண்ணா இருந்தாத்தான் அதுக்கு நிம்மதி."

ஓட்டம் எவ்வளவோ, பயமும் அவ்வளவு. யாராவது குடையை விரித்தால் டிம் சமையலறை மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். புது ஆள் வந்தால் தூரத்திலேயே வட்டமிடும். பக்கத்தில் வருவதற்கு நாட்கள் ஆகும். துரையிடம்கூட அது முழுதாக ஒட்டவில்லை. இவரிடம் மட்டும், இவர் வெங்காயம் நறுக்கும்போது பாதத்தின் மேல் தாடையை வைத்துக்கொண்டு படுத்திருக்கும். இவர் அதைக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. அதுவாக வரும்வரை இருப்பார்.

துரை குடும்பத்தோடு வெளிநாடு போனார். நாயைக் கொஞ்ச நாள் பார்த்துக்கொள், ஆள் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆள் வரவில்லை. இவர் போன் பண்ணிக் கேட்டிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? புதுத் துரை வந்தார். அவர் வீட்டில் தவழும் குழந்தை. வந்த விருந்தாளி ஒருவரின் குதிகாலில் டிம்மின் பல் பட்டுவிட்டது. கடி என்று சொல்ல முடியாது, மாட்டை நகர்த்துகிற மாதிரி ஒரு தொடல். துரையின் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மாத முடிவுக்குள் இதற்கு ஓர் இடம் பார், இல்லாவிட்டால் லொறியில் ஏற்றி எங்கேயாவது விட்டுவிடச் சொல்வேன் என்று துரை சொல்லிவிட்டார்.

லொறியில் ஏற்றி விடப்பட்ட நாய்களைப் பசறை வீதி வளைவுகளில் நான் பார்த்திருக்கிறேன். போகிற வருகிற ஒவ்வொரு லொறிக்கும் எழுந்து நின்று பார்க்கும்.

முதலில் லயத்துக்குக் கொண்டுவந்து கட்டிப் பார்த்தார். அவர் பகல் முழுக்கப் பங்களாவில். டிம் கயிற்றைக் கடித்துத் துண்டாக்கிவிட்டு, பாலர் பாடசாலைக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகளைச் சுற்றி வளைத்து நடுப்பாதையில் நிறுத்திவைத்தது. ஒரு பிள்ளைக்கு ஒன்றுக்கு வந்து அழுகிறது, ஒதுங்க விடவில்லை. தாய்மார் விறகுக் கட்டையோடு வந்தார்கள். அன்றைக்குச் சாயந்தரம் எங்கள் வாசலில் வந்து நின்று, "இந்த ஆட்டோ சத்தத்துக்கு மட்டும் நாய்ங்க பயப்படாதுபோல" என்றார். அம்மா என்னைப் பார்த்தார். நாயை ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போக ஆட்டோ வேண்டும் என்று பொருள்.

போனோம். ஹாலிஎலவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். வீட்டைச் சுற்றிப் பெரிய தோட்டம், நாய்ப் பிரியர். இவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார். மழையைப் பற்றிப் பேசினார். ஆசிரியரே எட்டிப் பார்த்து, "ஆட்டோவுல இருக்கிற நாய் யாரோடது? வடிவா இருக்கே" என்றார்.

"பங்களா நாய்ங்க ஐயா."

"நல்ல சாதி போல."

"ஆமாங்க ஐயா" என்றார் இவர். எழுந்து கும்பிட்டார். வந்து ஆட்டோவில் ஏறிவிட்டார்.

நான் ஆட்டோ ஹேண்டிலில் நெற்றியை முட்டிக்கொண்டேன். "பழம் நழுவி வாயில விழுது, நீங்க வாய மூடிக்கிறீங்களே மாமா!" என்று கத்தினேன். அவர் டிம்மின் காதைத் தடவிக்கொண்டு, "அவரு வீட்டுல ஏற்கனவே ஒரு பூன இருக்கு. சங்கடப்படுத்தக் கூடாது" என்றார். அடுத்து கோயில் பங்குத் தந்தையிடம் போனோம். அங்கேயும் சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்ததாகச் சொல்லிவிட்டு ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு திரும்பினார்.

பொறுக்க முடியாமல் நானே பேஸ்புக்கில் படம் போட்டேன். லுணுகலையிலிருந்து ஒருத்தன் வந்தான், கையில் இரும்புச் சங்கிலி. கடைக்குக் காவல் நாய் வேண்டுமாம். டிம் ஆட்டோவுக்கு அடியில் போய்த் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டது. அவன் சங்கிலியால் தகரத்தைத் தட்டி, வெளியே வா என்றான். டிம் அங்கேயே மூத்திரம் போய்விட்டது. "இது சரியான பயந்தாங்கொள்ளி, நாலு போட்டாத் தேறிடும்" என்றான் அவன். இவருக்குக் கேட்கத்தான் வராது என்றால், மறுக்கவும் வராது. "தொரைகிட்ட இன்னொரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேங்க" என்று சொல்லி அவனை அனுப்பினார். அவன் போன பிறகு, ஈரத் தரையில் மண்டியிட்டு, ஆட்டோவுக்கு அடியில் கையை நீட்டியபடி வெகுநேரம் இருந்தார்.

மாதம் முடியப் போகிறது. அம்மாதான் போட்டு உடைத்தார்.

"எதுக்கண்ணே ஊரெல்லாம் அலையுறீங்க? ஒங்க சம்பந்தி வீட்டுல பட்டி நெறைய ஆடு இருக்கு. மலையே இருக்கு ஓடுறதுக்கு. அங்க கேளுங்க."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "பொண்ணக் குடுத்த வீட்டுல போயி ஒண்ணு வேணும்னு எப்படிம்மா கேக்குறது?"

ஒரே மகள். தாய் இல்லாமல் அவர் வளர்த்த பிள்ளை. அவருக்கு நேர் எதிர். மேல் லயத்திலிருந்து கூப்பிட்டால் கீழ் லயத்துக்குக் கேட்கும் தொண்டை. கோயில் பாட்டுக் குழுவில் அவள் குரல்தான் முன்னுக்கு நிற்கும். நடந்து போய் நான் பார்த்ததில்லை, ஓட்டம்தான். அவளை ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கட்டிக்கொடுத்து இரண்டு நத்தார்ப் பண்டிகை போய்விட்டது. இரண்டு கிறிஸ்மஸுக்கும் அவள் வரவில்லை. ஒவ்வொரு நத்தாருக்கும் இவர் பலகாரம் சுட்டு, பாதையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, லயம் முழுக்கப் பங்கிட்டுக் கொடுப்பார்.

"அப்படியே புள்ளையையும் இந்த நத்தாருக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டுடுங்க" என்றார் அம்மா. "நாயக் கேக்குற வாயாலயே கேட்டா முடிஞ்சிது."

"அவங்களா அனுப்பணும்மா. அதுதான் மரியாத."

ஆனாலும் புறப்பட்டார். லொறியை நினைத்துத்தான் புறப்பட்டார். பண்டாரவளையில் நிறுத்தச் சொல்லி, திராட்சை, ஆப்பிள், பெரிய பிஸ்கட் டின், கேக் என்று வாங்கிக் குவித்தார். மடி நிறையப் பைகள், காலடியில் டிம். அப்புத்தளையில் பனி இறங்கிப் பாதை தெரியவில்லை. வாய்க்குள் ஏதோ சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஜெபம் என்று நினைத்தேன். பிறகு காதில் விழுந்தது: "ஒரு சின்ன உதவி… ஒங்களால முடிஞ்சா… ஒரு சின்ன உதவி…"

சம்பந்தி வீட்டார் நல்ல மனிதர்கள். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வாசலுக்கு ஓடிவந்து வரவேற்றார்கள். மருமகன் வேலைக்குப் போயிருந்தான். மகள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். "வாங்கப்பா" என்றாள். அந்தக் குரல் அடுத்த அறைக்குக்கூடக் கேட்டிருக்காது. நான் வெளியே டிம்மின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மழை, ரோட்டு, கொழுந்து என்று பேச்சு சுற்றியது. பிறகு இவர் திடீரென்று எழுந்து கைகூப்பி நின்றார்.

"சம்பந்தி, ஒங்ககிட்ட ஒரு உதவி கேக்கணும்."

சம்பந்தியின் முகம் கறுத்தது. காசு என்று நினைத்திருப்பார். அவர் மனைவி அடுப்படிக் குசினியிலிருந்து வெளியே வந்துவிட்டார். இவருக்கு வேர்த்து ஊற்றியது. நாய் என்ற சொல் வெளியே வந்ததும் சம்பந்தி சிரித்துவிட்டார். "அட, நாய்தானா! இதுக்கா சம்பந்தி எழும்பி நிக்கிறீங்க?"

வெளியே வந்து பார்த்தார்கள். மேலே சரிவில் ஆடுகள் பிரிந்து மேய்ந்துகொண்டிருந்தன. டிம்மின் உடம்பு கயிற்றில் விறைத்தது. இவர் தலையாட்டினார், நான் கயிற்றை விட்டேன். அது குரைக்கவில்லை. பெரிய வட்டமாக ஓடி, மேலே ஏறி, வயிறு புல்லில் உரசப் பதுங்கி, நான்கு பக்கமும் கிடந்த ஆடுகளை ஒரு கட்டாகச் சேர்த்துப் பட்டி வாசலில் கொண்டுவந்து நிறுத்தியது. அது பிறந்ததிலிருந்து தேடிய வேலை அன்றைக்குத்தான் அதற்குக் கிடைத்தது. சம்பந்தி வாயில் கைவைத்துக்கொண்டார். "இத வேணாம்னா சொல்லுவாங்க?" என்றார்.

காரியம் முடிந்தது. ஆனால் இவருக்கு அப்போதுதான் மடை திறந்தது. வாழ்நாள் முழுக்க ஒன்றும் கேட்காத மனிதர், கேட்டுக்கொண்டே போனார்.

"கம்ப மட்டும் ஓங்காதீங்க சம்பந்தி. கொட விரிக்கும்போது கொஞ்சம் தள்ளி நின்னு விரிங்க. மொத கொஞ்ச நாளைக்குச் சத்தமாக் கூப்பிடாதீங்க, அதுவா வரும். கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்தா இழுக்காதீங்க. சாப்பாட்ட வச்சிட்டுத் திரும்பிக்கங்க, யாராச்சும் பாத்துக்கிட்டிருந்தா அதுக்கு எறங்காது. சாயந்தரத்துல ஒரு தடவ நல்லா ஓட விட்டுருங்க, ஓட விடாட்டி அதுக்கு நோவு வந்த மாதிரி ஆயிரும். புடிவாதம்னு நெனச்சிராதீங்க. பயம், அவ்வளவுதான். தெரியாத எடம்ல."

சம்பந்தியம்மா சிரித்தார். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாத சிரிப்புத்தான். "பாருங்களேன், கல்யாணம் பேசுனப்ப ஒங்க புள்ளையப் பத்தி ஏதாச்சும் சொல்லுங்கன்னு நானே கேட்டேன். 'ஒண்ணும் சொல்றதுக்கில்லீங்க, நல்ல புள்ள'ன்னு முடிச்சிட்டாரு. நாய்க்கு இத்தன வெவரம்!"

எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. அவள் இறங்கி வந்து டிம்மின் கயிற்றை வாங்கிக்கொண்டாள்.

"வச்சிட்டுத் திரும்பிக்கணும், அதானப்பா?"

"ஆமாம்மா. ஆளு பாத்தா எறங்காது."

"எனக்குந்தான் எறங்கல" என்றாள் மெதுவாக. "வந்த புதுசுல. அத்தை பக்கத்துலயே ஒக்காந்து, சாப்பிடு சாப்பிடுன்னு சொல்லுவாங்க. பாசமாத்தான். அவங்களுக்குத் தெரியாதுல்லப்பா."

இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் டிம்மோடு பட்டிப் பக்கம் நடந்துவிட்டாள்.

ஆட்டோவைத் திருப்பி நிறுத்தியபோது சம்பந்தியம்மா என் பக்கம் வந்து தாழ்ந்த குரலில் பேசினார். "தம்பி, தப்பா நெனைக்காதீங்க. ரெண்டு நத்தாரா, மகள அழைக்க அப்பா வருவாரு வருவாருன்னு நாங்களும் பாத்துட்டோம். வந்து அழைக்காம எப்படி அனுப்புறது? அனுப்புனா, தொரத்தி விட்டுட்டாங்கன்னு ஒங்க லயத்துல பேச மாட்டாங்களா? இவருக்கு இஷ்டமில்ல போலன்னு விட்டுட்டோம். பாவம், அந்தப் புள்ளைக்குத்தான் தலகுனிவு."

இவர் அங்கே அவர்களாக அனுப்புவார்கள் என்று இருக்கிறார். அவர்கள் இங்கே இவராக வருவார் என்று இருக்கிறார்கள். ஆட்டோவில் வந்து ஏறியவரிடம் அப்படியே சொன்னேன். "மாமா, கேட்டா அனுப்புறாங்களாம். ஒரு வார்த்தை. இப்பவே போய்க் கேளுங்க."

அவர் என்னைப் பார்த்தார். இறங்கினார். சாரத்தைச் சரிசெய்துகொண்டு படியேறினார். வாசலில் நின்ற சம்பந்தி, "என்ன சம்பந்தி, ஏதும் சொல்லணுமா?" என்று கேட்டார். பட்டிப் பக்கமிருந்து மகள் திரும்பிப் பார்த்தாள். கயிற்றைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். அவர் திரும்பி வந்ததன் காரணம் அவளுக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். சம்பந்தியம்மாவும் முந்தானையைச் செருகிக்கொண்டு, கேட்கப் போகிற முகத்தோடு காத்திருந்தார்.

இவர் கைகூப்பினார். உதடு அசைந்தது.

"தகரத்துல மழ அடிச்சா பயந்துக்கும்ங்க. சொல்ல மறந்துட்டேன். அன்னைக்கு மட்டும் உள்ள படுக்க விடுங்க."

"அதுக்கென்ன, விடுவோம்" என்றார் சம்பந்தி. கொஞ்சம் பொறுத்து, "வேற?" என்றார்.

"அவ்வளவுதாங்க."

மகள் டிம்மைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

அவர் வந்து ஏறினார். நான் இறங்கிப் போய், "அத்தை, இவரு மகள அழைக்கத்தான் வந்தாரு" என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சம்பந்தி வீட்டு விஷயத்தில் ஆட்டோக்காரன் எப்படி வாயைத் திறப்பது என்று எனக்கும் நாக்கு எழவில்லை. அவ்வளவு நாள் அவரைக் கேலி பண்ணிய வாய் அது.

அந்த நத்தாருக்கும் மகள் வரவில்லை. பூசை முடிந்து வெளியே வரும்போது, கொழுந்து எடுக்கும் பெண்களில் ஒருத்தி அவரை மறித்து, "புள்ள எப்படி இருக்கு மாமா?" என்று விசாரித்தாள்.

"டிம் நல்லா இருக்காம்" என்றார், தலையைக் குனிந்துகொண்டு.